60 நிமிட ஆட்டம், நான்கு கி.மீ.கூட ஓடவில்லை: பிறகு ஏன் இவ்வளவு களைப்பு?

நெடுந்தூரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதினோரு ஆண்டுகள் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்தவன் நான். இந்தப் பருவத்திலிருந்து உயர்மட்ட லீக்கில் ஆடும் ஓர் ஆண்கள் ஹேண்ட்பால் (கையால் பந்தை எறிந்து கோலடிக்கும் ஆட்டம், அணிக்கு எழுவர்) அணியின் உடற்தகுதிப் பொறுப்பை ஏற்றிருக்கிறேன்.

முதல் ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் அணிந்திருந்த சென்சார்களின் கணக்கைப் பார்த்தேன். ஏறக்குறைய முழு நேரமும் ஆடிய எங்கள் சென்டர் பேக் (நடுவிலிருந்து தாக்குதலை நடத்துபவர்) ஓடிய தூரம் நான்கு கி.மீ.கூட வரவில்லை. என் பழைய மாணவர்கள் உடலைச் சூடேற்றிக்கொள்ளவே அவ்வளவு ஓடுவார்கள். ஆனால் மறுநாள் காலை அதே வீரர் விடுதிப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். மாரத்தான் ஓடிய மறுநாள் பலர் அப்படி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஓடியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே!

பருவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களில் வாரத்துக்கு மூன்று முறை 10 கி.மீ. ஓட வைத்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனாலும் இரண்டாம் பாதியின் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் அணி தளர்ந்துவிடுகிறது. தற்காப்பில் கால் எழவில்லை. எங்கே தவறு செய்கிறேன்? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கணக்குப்புத்தகம்

நண்பரே, உங்கள் சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. அதனிடம் நீங்கள் கேட்ட கேள்விதான் பொருந்தவில்லை. தூரத்தைக் கேட்டீர்கள், அது தூரத்தைச் சொன்னது.

டென்மார்க்கின் உயர்மட்ட லீக்கில் ஆண்களின் ஆட்டங்களைப் பல பருவங்கள் படமெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் சராசரியாக 54 நிமிடங்கள் களத்தில் இருக்கிறார். கடப்பது சுமார் 3.6 கி.மீ. அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒரு வீரர் அசைவை மாற்றுவது, அதாவது நின்று நடப்பது, நடந்து ஓடுவது, ஓடிப் பக்கவாட்டில் நகர்வது, பின்னோக்கிப் போவது எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 1,480 முறை. வகுத்துப் பாருங்கள். இரண்டு விநாடிக்குச் சற்று கூடுதலான நேரத்துக்கு ஒருமுறை உடல் செய்துகொண்டிருந்ததை விட்டு வேறொன்றைத் தொடங்குகிறது. அதிவேக ஓட்டங்கள் ஐம்பதைச் சற்றுத் தாண்டும். அவை மொத்தத் தூரத்தில் எட்டு விழுக்காடுதான்.

களத்தின் அளவையும் நினைவில் வையுங்கள். நாற்பது மீட்டருக்கு இருபது. ஆறு மீட்டர் கோட்டுக்கு உள்ளே கோல்கீப்பர் மட்டுமே கால் வைக்கலாம். அதனால் ஒரு தாக்குதல் நிலைகொண்டதும் பன்னிரண்டு பேர் அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு குறுகிய வளைவுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே மூன்று நான்கு மீட்டர் பாய்ந்தால் உடனே நிற்க வேண்டும்.

உங்கள் சென்டர் பேக்கின் தொடையை அடித்துப்போட்டது அந்த நிற்பதுதான். பாய்ந்து வரும் உடலை நிறுத்தும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் வலியைக் கொண்டுவருவது அந்த வகை வேலை. படி இறங்கும்போதும் அதே தசை, அதே வகையில் வேலை செய்கிறது. அதனால்தான் ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது தெரிகிறது. சமதரையில் சீரான வேகத்தில் ஓடும் 10 கி.மீ. ஓட்டம் இதற்கு அவர்களைப் பழக்கவே இல்லை.

பிவட்_பதினான்கு

மேலே சொன்னதில் பாதிதான் இருக்கிறது. மற்ற பாதியை எந்தச் சென்சாரும் அளப்பதில்லை.

ஒன்பது பருவங்கள் பிவட்டாக, அதாவது எதிரணித் தற்காப்புக்கு நடுவே நின்று ஆடுபவனாக, இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரே ஒரு தாக்குதலைச் சொல்கிறேன், கேளுங்கள். ஆறு மீட்டர் கோட்டில் எதிரணித் தற்காப்பின் நடுவிலுள்ள இருவருக்கு இடையே போய் முதுகைக் காட்டி நிற்கிறேன். ஒருவருடைய முன்கை என் முதுகுத்தண்டின் கீழே அழுந்தியிருக்கிறது. மற்றவருடைய கை என் இடுப்புப் பக்கத்துச் சட்டையில். நடுவர் இருக்கும் பக்கம் அது தெரியாது. நான் முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, அவர் தள்ளும் திசைக்கு எதிராக உடலைச் சாய்த்து, அரை அடி இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறேன். பந்து இடப்புறம் போகிறது. நான் ஓரடி நகர்ந்து அடுத்தவரை மறித்து நிற்கிறேன். மோதல். பந்து திரும்பி வருகிறது, மீண்டும் ஓரடி, மீண்டும் மோதல். நாற்பது விநாடி இப்படியே. கடைசியில் பந்து எனக்கு வராமலே ஷாட் அடிக்கப்படுகிறது. உடனே திரும்பி முப்பது மீட்டர் ஓடித் தற்காப்புக்குப் போக வேண்டும்.

இந்த நாற்பது விநாடியில் நான் கடந்தது ஐந்தாறு மீட்டர் இருக்கும். அவ்வளவு நேரமும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட இருவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். உங்கள் கணக்கில் அது 'நிற்றல்' என்று பதிவாகியிருக்கும்.

ஆட்டம் முடிந்த இரவில் எனக்கு முதலில் வலித்தது கால் இல்லை, விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட பகுதி. புரண்டு படுக்க முடியாது. கைகளை உயர்த்திச் சட்டையைக் கழற்ற இரண்டு நாள் ஆகும்.

நெடுந்தூரம்

இருவருக்கும் நன்றி. 'நிற்றல்' என்ற சொல்லைப் படித்ததும் என் அறிக்கையைத் திறந்து எங்கள் பிவட்டின் வரிசையைப் பார்த்தேன். அணியிலேயே மிகக் குறைந்த சுமை அவருக்குத்தான் என்று நானே குறித்து, மறுநாள் கூடுதல் ஓட்டம் கொடுத்திருக்கிறேன். மனம் கனக்கிறது. நாளைக் காலை அவரிடம் பேசப்போகிறேன்.

ஒரு சந்தேகம். அப்படியானால் தாங்குதிறன் பயிற்சியே வேண்டாமா?

கணக்குப்புத்தகம்

வேண்டும், ஐயா. அதைக் கைவிட்டால் அடுத்த பக்கத்தில் விழுவீர்கள். அதே டேனிஷ் ஆய்வுகளில், ஆட்டம் முழுவதற்குமான சராசரி உழைப்பு ஆண்களுக்கு அதிகபட்ச ஆக்சிஜன் திறனில் எழுபது விழுக்காடு அளவிலும், பெண்களுக்கு எண்பதை நெருங்கியும் இருந்தது. சிறிய சுமை இல்லை. ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் மூச்சைத் திரும்பப் பெறுவது இந்தத் தாங்குதிறன்தான். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அணி தளர்கிறது என்றீர்களே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

எந்த வடிவில் கொடுக்கிறீர்கள் என்பதே கேள்வி. பாதிக் களத்தில் மூவருக்கு மூவர், நால்வருக்கு நால்வர் ஆட்டம் வையுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஆட்டம், அதில் பாதி நேரம் ஓய்வு, நான்கைந்து சுற்று. இதயத்துடிப்பு நீண்ட ஓட்டத்தில் போவதைவிட உயரப் போகும். நிறுத்தல், திரும்பல், பிடி, எறிதல் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். பந்தைத் தொடுவதால் வீரர்களும் மனம்வைத்துச் செய்வார்கள்.

இடக்கை_வலதுவிங்

இந்த இழையில் எல்லாரும் பேக்கையும் பிவட்டையும் பற்றியே பேசுகிறீர்கள். விங் ஆடும் பெண் ஒருத்தி சொல்வதையும் கேளுங்கள்.

என் வேலை வேறு மாதிரி. மூலையில் ஒரு நிமிடம்வரை ஏறக்குறைய அசையாமல் நிற்பேன். பந்து பறிபோகிற நொடியில் முப்பது மீட்டர் முழு வேகப் பாய்ச்சல். பந்தைப் பிடித்தால் கோல், தவறவிட்டால் அதே முப்பது மீட்டர் திரும்பி ஓட்டம். குளிர்ந்துபோன தசையை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் பாய்வது என்னவென்று பின்தொடைத் தசை கிழிந்தவர்களைக் கேட்டால் தெரியும். மூலையிலிருந்து ஜம்ப் ஷாட் அடிக்கும்போது கோணத்தை விரிக்க உடலைக் காற்றில் சாய்க்க வேண்டும். இறங்குவது எப்போதும் சமநிலையில் இருக்காது.

எங்களுக்குப் பெரிய அச்சம் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார். பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிப்பதே இல்லை. ஏமாற்று அசைவில் காலை அகலமாக ஊன்றித் திரும்பும்போதோ, ஜம்ப் ஷாட்டுக்குப் பின் ஒற்றைக் காலில் இறங்கும்போதோ நடக்கிறது. காணொளிகளை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று, கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லிவிநாடிக்குள் தசைநார் அறுந்துவிடுவதாகச் சொன்னது. யோசித்துத் திருத்த அவகாசமே கிடையாது. கால் எப்படி இறங்க வேண்டும் என்பதை உடல் முன்பே கற்றிருக்க வேண்டும்.

எனக்கு அது பத்தொன்பது வயதில் நடந்தது. பயிற்சியின் முடிவில், வலப்பக்கம் போவதுபோலக் காட்டி இடப்பக்கம் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. காலின் கீழ்ப்பகுதி எனக்குச் சொந்தமில்லாததுபோல இருந்தது. அப்போதைய என் அணியில் முழங்கால் பாதுகாப்புக்கென்று ஒரு நிமிடம்கூட ஒதுக்கியதில்லை. நார்வேயில் 15 முதல் 17 வயது வரையிலான 1,800க்கு மேற்பட்ட இளையோரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. சமநிலைப் பலகை, தரையிறங்கும் முறை, திரும்பும் முறை, கால் வலு ஆகியவற்றை வார்ம்-அப்பில் சேர்த்ததும் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம்தான் ஆகும். எனக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் களத்துக்குத் திரும்ப பதினோரு மாதம் ஆனது.

இயன்முறை_மேசை

தங்கை எழுதியதை ஒவ்வொரு பயிற்சியாளரும் படிக்க வேண்டும். அதோடு தோளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயர்மட்ட ஆண்களின் ஷாட் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். அவ்வளவு வேகத்தைக் கொடுத்த கையைத் தோளின் பின்புறச் சிறு தசைகள் உடனே பிடித்து நிறுத்த வேண்டும். அதோடு எறிய ஓங்கிய கையை எதிராளி பின்னிருந்து பற்றி இழுப்பதும் நடக்கும். நார்வே உயர்மட்ட ஆண்களை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்ந்தபோது, சராசரியாக எந்த ஒரு வாரத்தை எடுத்தாலும் நூற்றுக்கு 28 பேருக்குத் தோளில் ஏதோ ஒரு தொல்லை இருந்தது. அவர்களில் பலர் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆட்டத்தைத் தவறவிட்டவர்களை மட்டும் எண்ணினால் இது கண்ணுக்கே தெரியாது.

என் மேசைக்கு வருபவர்களிடம் முதலில் ஒன்று செய்வேன். மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, கையை உள்பக்கம் சுழற்றிப் பார்ப்பேன். எறியும் தோளில் உள்சுழற்சி குறைந்திருக்கும். பிறகு வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி என் கையால் எதிர்ப்புக் கொடுப்பேன். சிலருக்குக் கை நடுங்கும். எதிரணியின் மூவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவர், என் ஒற்றைக் கையைத் தள்ள முடியாமல் முகம் சுளிப்பார். எறியும் தசை அசுர வலு, நிறுத்தும் தசை நூல்.

இதற்கும் தடுப்பு உண்டு. எலாஸ்டிக் பட்டையால் வெளிச்சுழற்சி, தோள்பட்டைப் பலகையின் கட்டுப்பாடு, முதுகின் மேல்பகுதி அசைவு இவற்றை வார்ம்-அப்பில் வாரம் மூன்று முறை செய்த நார்வே உயர்மட்ட அணிகளில் தோள் தொல்லைக்கான ஆபத்து 28 விழுக்காடு குறைந்தது. (மேலே சொன்ன 28 வேறு, இது வேறு.)

இன்னொன்று, திடீர் ஏற்றம். டென்மார்க் இளையோரிடம், ஒரு வாரச் சுமை முந்தைய நான்கு வாரச் சராசரியைவிட அறுபது விழுக்காட்டுக்கு மேல் கூடியபோது தோள் காயம் ஏறக்குறைய இரு மடங்கானது. விடுமுறை முடிந்து முதல் வாரமே ஷாட் பயிற்சியை அள்ளிக் கொடுப்பவர்கள் இதை மனத்தில் வைக்கட்டும்.

விசில்

நடுவராக இருக்கிறேன். ஒரு மாற்றுக் கருத்து. ஹேண்ட்பாலில் வீரர் மாற்றத்துக்கு வரம்பே இல்லை. ஆட்டத்தை நிறுத்தாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் சுமை பாதியாகுமே. அணிக்கு இவ்வளவு வாய்ப்பைக் கொடுத்த பிறகும் ஒரே ஏழு பேரை அடித்து ஓட்டினால், குற்றம் ஆட்டத்துடையதா, பயிற்சியாளருடையதா?

பிவட்_பதினான்கு

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். விதிகளே ஆட்டத்தை முடுக்கிவிட்டிருக்கின்றன. 2022இல், கோலுக்குப் பின் நடுக்கோட்டில் எறிந்து ஆட்டத்தைத் தொடங்க ஒரு வட்டப் பகுதி வந்தது. அதற்குள் ஓடிக்கொண்டே எறியலாம். கோல் வாங்கிய அணி நொடியில் மறுதாக்குதல் தொடங்குகிறது. அதே ஆண்டு, செயலற்ற ஆட்டத்துக்கான (கோலடிக்க முயலாமல் பந்தை வைத்துக்கொண்டிருப்பதற்கான) எச்சரிக்கைக்குப் பின் அனுமதித்த பாஸ்கள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன. இந்த வேகத்தில் தாக்குதல் ஆட்டக்காரரை வெளியே எடுத்துத் தற்காப்பாளரை உள்ளே விடும் மூன்று நான்கு விநாடிக்குள் எதிரணி கோலடித்துவிடும். மாற்றும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. வலுவான அணிக்கு எதிராக அதைப் பயன்படுத்த நேரம் கிடைப்பதில்லை.

இரண்டு நிமிட வெளியேற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் குறைந்தால், கோல்கீப்பரைத் தவிர மீதி ஐவர் அதே வளைவை மூட வேண்டும். என் நினைவில் மிகக் கொடிய களைப்பு எல்லாம் அந்த இரண்டு நிமிடங்களுக்கு உரியவை.

விசில்

வேகமான மறுதொடக்கம் பற்றிச் சொன்னது நியாயம். எங்களுக்கே அந்த நொடியில் திரும்பி ஓடுவது கடினமாகிவிட்டது. ஆனால் பெஞ்சில் இருக்கும் இளையவர்களை நம்பாமல் வைத்திருக்கும் அணிகளைப் பார்க்கிறேன் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

கணக்குப்புத்தகம்

இதில் இருவர் பக்கமும் உண்மை இருக்கிறது. என்னைக் கேட்டால் பெரிய குற்றவாளி நாட்காட்டி.

ஜெர்மன் லீக்கில் 18 அணிகள், அதாவது 34 ஆட்டங்கள். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கில் 16 அணிகள் இரு குழுக்களாக ஆடும் வடிவில் குழுச் சுற்றுக்கே 14. காலிறுதிக்கு இரண்டு, கொலோனில் நடக்கும் இறுதிக் கட்டத்தில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு. இதுவே 52. கோப்பை ஆட்டங்கள் தனி, தேசிய அணியின் தகுதிச் சுற்றுகள் தனி. அதன் மேல், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆண்களுக்கு ஒரு பெரிய தொடர்: ஒற்றைப்படை ஆண்டில் உலகப் போட்டி, இரட்டைப்படை ஆண்டில் ஐரோப்பியப் போட்டி. 2025இல் டென்மார்க் ஜனவரி 14 அன்று தொடங்கி, பிப்ரவரி 2 அன்று குரோவேஷியாவை 32–26 என்று வென்று கோப்பையை எடுத்தது. இருபது நாளில் ஒன்பது ஆட்டங்கள். பருவத்தின் நடுவில் மற்றவர்கள் உடலைத் தேற்றிக்கொள்ளும் மாதம் அது. சில நாளில் அந்த வீரர்கள் கிளப்புக்குத் திரும்பி மீண்டும் ஆடினார்கள்.

ஐரோப்பிய வீரர்கள் சங்கம் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறது. டென்மார்க்கின் நட்சத்திர வீரர் மிக்கெல் ஹான்சன் போன்ற ஒருவர் 2023இல் மன அழுத்தம் காரணமாக விடுப்பில் போனபோதாவது எல்லாரும் நின்று யோசித்திருக்க வேண்டும். சுமை என்பது தசையில் மட்டும் சேர்வதில்லை.

இடக்கை_வலதுவிங்

2023 சாம்பியன்ஸ் லீக்கின் கொலோன் இறுதிக் கட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜெர்மன் கிளப் மாக்டெபர்க்கின் கீஸ்லி கிறிஸ்தியான்சனுக்கு பார்சிலோனாவுக்கு எதிரான அரையிறுதியில் தோள் விலகியது. மறுநாள் இறுதிப் போட்டியில் களமிறங்கினார். கூடுதல் நேரத்தில் போலந்தின் கீல்சேயை 30–29 என்று வென்றார்கள்; தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அன்று கைதட்டி அழுதவள் நான்.

இயன்முறை_மேசை

நானும் பார்த்தேன், தங்கை. அவருடைய துணிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அதன் பிறகு அறுவை சிகிச்சை, பல மாதங்கள் களத்துக்கு வெளியே. அந்த ஆட்டம் முடிந்த வாரத்தில் என்னிடம் வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன், 'கீஸ்லி ஆடினாரே, நான் ஏன் ஆடக்கூடாது?' என்று கேட்டான். அவன் தோள் அதற்கு முன் இரண்டு முறை விலகியிருந்தது. அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கைதட்டுவதற்கு முன் அந்தப் பையன்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்கோல்

இவ்வளவு நீண்ட இழையில் கோல்கீப்பரைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்கள் தூரமே ஓடுவதில்லை என்பதாலா?

ஆறு மீட்டரிலிருந்து வரும் பந்துக்குக் கண் பார்த்துக் கை போக நேரமில்லை. எறிபவரின் தோளையும் மணிக்கட்டையும் படித்து முன்பே முடிவெடுக்க வேண்டும். உடனே ஒரு காலில் உந்தி, மற்றக் காலைத் தலை உயரத்துக்கு வீசி, கையை விரிக்கிறோம். தவறினால் பந்தை எடுக்க ஓடி, மறுபடி நிலைக்கு வருகிறோம். இடுப்பு மூட்டும் தொடையின் உள்தசையும்தான் எங்கள் மூலதனம். விரித்த கையில் பந்து மோதும்போது முழங்கை பின்பக்கம் மடங்கும். ஒரு முறை தெரியாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் முழங்கையின் உட்பக்கம் நிரந்தர வலி. இது கோல்கீப்பர்களுக்கே உரிய தொல்லை என்று விளையாட்டு மருத்துவத்தில் நன்றாக அறியப்பட்டதுதான்.

பெரிய சுமை ஆட்டத்தில் வருவதில்லை, பயிற்சியில் வருகிறது. பதினான்கு பேர் வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து ஷாட் அடித்தால் அவர்களுக்குப் பத்து, எனக்கு நூற்று நாற்பது. எறிபவரின் எண்ணிக்கையைக் குறிக்கும் பயிற்சியாளர்களை அறிவேன். வாங்குபவரின் எண்ணிக்கையைக் குறித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

நெடுந்தூரம்

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எங்கள் பயிற்சி ஏட்டைப் புரட்டினேன். கோல்கீப்பர்களுக்கு ஒரு பத்தியே இல்லை. இன்று சேர்த்துவிட்டேன்.

இந்த வாரம் செய்த மாற்றங்கள்: 10 கி.மீ. ஓட்டங்களை நிறுத்திவிட்டேன். அவற்றின் இடத்தில் வாரம் இரண்டு முறை பாதிக் களத்தில் மூவருக்கு மூவர். ஒவ்வொரு வார்ம்-அப்பிலும் தரையிறங்கும் பயிற்சி, ஒன்றுவிட்டு ஒன்றில் எலாஸ்டிக் பட்டை. பிவட்டும் நடுத் தற்காப்பாளர்களும் ஜோடியாக நின்று ஒருவரையொருவர் தள்ளும் பயிற்சி, அரை நிமிடம் வீதம். ஒவ்வொரு பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் வீரர்களிடம் 'எவ்வளவு கடினமாக இருந்தது?' என்று பத்துக்குக் கேட்டு, நிமிடங்களால் பெருக்கி எழுதுகிறேன். நேற்று 80 நிமிடப் பயிற்சிக்கு விங் ஆட்டக்காரர் ஐந்து என்றார், 400. பிவட் ஒன்பது என்றார், 720. சென்சார் இருவரில் விங்தான் அதிகம் உழைத்தவர் என்று காட்டியது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வாரத்தில் இரண்டு ஆட்டங்கள் வரும்போது எடைப் பயிற்சியை எங்கே வைப்பது?

கணக்குப்புத்தகம்

விட்டுவிடாதீர்கள், சுருக்குங்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் ஆடாதவர்களுக்கு முழு அளவு. ஆடியவர்களுக்கு இரண்டாம் நாள் இருபத்தைந்து நிமிடம். கனமான எடை, குறைந்த முறை, பின்தொடைக்கு ஒரு பயிற்சி. ஆட்டத்துக்கு முந்தைய நாள் தொடவே வேண்டாம். வாரம் இருமுறை கைகளை இடுப்பில் வைத்து நின்ற இடத்தில் குதிக்கச் சொல்லி உயரத்தைக் குறியுங்கள். ஒருவருடைய வழக்கமான உயரம் இரண்டு முறை தொடர்ந்து குறைந்தால் அவரை அன்று ஷாட் பயிற்சியில் மட்டும் விடுங்கள்.

பிவட்_பதினான்கு

உங்கள் பிவட்டிடம் பேசினீர்களா?

நெடுந்தூரம்

பேசினேன். ஐந்து வாரமாக விலாப்பக்கம் வலியோடு ஓடியிருக்கிறார். 'தூரம் குறைவாக இருக்கிறது என்றீர்கள், அதனால் சொல்லவில்லை' என்றார். இன்று அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.